எஃப்எஃப்எம்பெக் சண்டித்தனம் செய்தால் யாரிடம், எப்படிக் கேட்பது?

எஃப்எஃப்எம்பெக் என்பது வீடியோ, ஒலிக் கோப்புகளை மாற்றித் தரும் இலவச மென்பொருள். கட்டளையைத் தட்டியதும் டெர்மினல் என்ற கருப்புத் திரையில் கடைசி வரி "கன்வெர்ஷன் ஃபெயில்ட்!" என்று வந்து நிற்கும். அதை மட்டும் நகலெடுத்து எங்காவது ஒட்டி, "இதுக்கு என்ன பண்றது? அவசரம்" என்று கேட்பீர்கள். பதில் வராது. வந்தாலும் "முழு அவுட்புட் எங்கே?" என்று ஒற்றை வரிதான் வரும். வணக்கமும் இருக்காது, ஆறுதலும் இருக்காது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். போதாக்குறைக்கு, திரையைச் செல்போனில் படம் பிடித்து அனுப்பினேன். அந்தப் படத்தில் தெளிவாகத் தெரிந்தது என் அறையின் டியூப்லைட் மட்டும்தான்.

எஃப்எஃப்எம்பெக்கை 2000-இல் ஃபாப்ரிஸ் பெல்லார் தொடங்கினார். அதன் பெயரையே கேள்விப்படாதவர்கள்கூட இன்று அதைப் பயன்படுத்துகிறார்கள். விஎல்சி, ஓபிஎஸ், ஹேண்ட்பிரேக், கேடென்லைவ், குரோம் உலாவி என்று வீடியோ பார்க்க, பதிய, மாற்ற எதைத் திறந்தாலும் உள்ளே அதன் நிரல் நூலகங்கள் இருக்கும். ஆனால் அதற்கு ஹெல்ப்லைன் கிடையாது. பதில் சொல்கிறவர் பெரும்பாலும் தன் வேலையை முடித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, கிடைத்த நேரத்தில் வந்து உட்கார்ந்தவர். உங்கள் கணினி அவரிடம் இல்லை, உங்கள் வீடியோவும் இல்லை. நீங்கள் என்ன தட்டினீர்கள் என்பதும் தெரியாது. அந்தப் பிழை அவருடைய கணினியிலும் அப்படியே வரும்படி செய்துகொடுப்பது கேட்கிறவர் பொறுப்பு. கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

ஒரு குறிப்பு: கட்டளைச் சொற்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதல் படி: யார் வீட்டுப் பிரச்சினை?

ஹேண்ட்பிரேக்கில் பிழை வந்தால் ஹேண்ட்பிரேக் குழுவிடம் போங்கள். அவர்கள் முதலில் கேட்பது ஆக்டிவிட்டி லாக், அதாவது மென்பொருள் செய்ததையெல்லாம் வரிசையாக எழுதிவைத்த பதிவு. ஓபிஎஸ் என்றால் ஹெல்ப் மெனுவிலேயே லாகை ஏற்றி இணைப்பு வாங்கும் வசதி இருக்கிறது. உள்ளே ஓடுவது எஃப்எஃப்எம்பெக் என்பதற்காக நேராக அங்கே போய்க் கேட்டால், "அந்த ஆப் எங்களுக்கு என்ன கட்டளை அனுப்புகிறது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பார்கள். நியாயம்தான். நீங்களே கருப்புத் திரையில் கட்டளை தட்டுகிறவர் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

இரண்டாம் படி: கடைசி வரியை விட்டு மேலே ஏறுங்கள்

இதில்தான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஒரு உதாரணம் பார்ப்போம். செல்போனில் எடுத்த வீடியோவை அளவு சுருக்கி எம்பி4 ஆக்குகிறீர்கள். நின்றுவிடுகிறது. கடைசி வரி, "கன்வெர்ஷன் ஃபெயில்ட்". அதற்கு மேலே நீளமாக ஒரு வரி: என்கோடரைத் திறக்க முடியவில்லை, பிட்ரேட், ரேட், அகலம், உயரம் ஏதாவது தவறாக இருக்கலாம். (என்கோடர் என்பது வீடியோவைச் சுருக்கி எழுதும் பகுதி, பிட்ரேட் என்பது ஒரு விநாடிக்குச் செலவாகும் தரவின் அளவு.) இதைப் படித்ததும் பிட்ரேட்டை மாற்றி மாற்றிப் போட்டு ஒரு மணி நேரத்தைத் தொலைப்பீர்கள். அதற்கும் மேலே, சதுர அடைப்புக்குள் "லிப்எக்ஸ்264" என்று தொடங்கும் குட்டி வரி ஒன்று இருக்கும்: "ஹைட் நாட் டிவிசிபிள் பை 2 — 1280 பெருக்கல் 719". விஷயம் அவ்வளவுதான். வழக்கமான நிற அமைப்பில் உயரமும் அகலமும் இரட்டைப்படையாக இருக்க வேண்டும், 719 ஒற்றைப்படை. படத்தின் அளவை மாற்றும் ஸ்கேல் ஃபில்டரில் அகலம் அல்லது உயரம் ஒன்றைக் குறிப்பிட்டு, மற்றதற்கு மைனஸ் 2 என்று கொடுத்தால் அதுவே இரட்டைப்படையாகக் கணக்குப் போட்டுக்கொள்ளும்.

உண்மையான காரணம் அநேகமாக முதலில் வந்த பிழை வரியில்தான் இருக்கும். அடுத்தடுத்த வரிகள் அதன் விளைவுகள். எந்தப் பகுதி குறை சொல்கிறது என்று சதுர அடைப்புக்குள் பெயர் இருக்கும். அந்தப் பெயரையும் அந்த வரியையும் சேர்த்துத் தேடினால் பல நேரம் யாரையும் கேட்கவே வேண்டாம்.

மூன்றாம் படி: இது பிழைதானா?

திரும்பத் திரும்ப வரும் சில புகார்கள் உண்டு. அவை மென்பொருளின் குற்றம் அல்ல. இவற்றைக் கேட்டால் உதவுபவர்கள் சலித்துக்கொள்வார்கள்.

சி காப்பி போட்டு வெட்டினால் தொடக்கத்தில் படம் உறைந்து நிற்கிறது, அல்லது கேட்ட இடத்துக்குச் சில விநாடி முன்பிருந்தே தொடங்குகிறது என்பார்கள். சி காப்பி என்றால் மறுபடி என்கோட் செய்யாமல் அப்படியே எடுத்து வைப்பது. அப்போது கீஃப்ரேம், அதாவது முழுப் படமாகச் சேமித்த ஃப்ரேம், இருக்கும் இடத்தில்தான் சுத்தமாக வெட்ட முடியும். துல்லியம் வேண்டுமென்றால் மறுபடி என்கோட் செய்துதான் ஆக வேண்டும்.

பிஎன்ஜி படங்களைக் கோத்து வீடியோ ஆக்கினேன், விஎல்சியில் ஓடுகிறது, குயிக்டைமில் ஓடவில்லை என்பது இன்னொன்று. படங்களின் முழு நிறத் தகவலையும் காப்பாற்ற என்கோடர் 444 என்ற நிற அமைப்பை எடுத்திருக்கும். பல பிளேயர்களுக்குத் தெரிந்தது 420 மட்டும்தான். பிக்ஸ் எஃப்எம்டி என்ற விருப்பத்தில் (ஆப்ஷனில்) ஒய்யுவி420பி என்று கொடுத்தால் தீர்ந்தது.

"மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்" வந்தால் மட்டும் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். எம்பி4 கோப்பின் அட்டவணை வழக்கமாகப் பதிவு முடியும்போதுதான் எழுதப்படுகிறது. நடுவில் பேட்டரி போயிருந்தால் அட்டவணையே இல்லை. எந்தக் கட்டளையும் அதை உடனே மீட்டுத் தராது. அதே கேமராவில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாக வைத்துப் பழுது பார்க்கும் அன்ட்ரங்க் என்ற தனிக் கருவி இருக்கிறது. சில நேரம் பலிக்கும். ஓபிஎஸ்ஸில் பதிவு செய்கிறவர்கள் எம்கேவியில் எடுத்து, பிறகு எம்பி4-க்கு மாற்றிக்கொண்டால் இந்தத் தலைவலியே வராது.

இன்னும் ஒன்று, வரிசை. எஃப்எஃப்எம்பெக்கில் ஒரு விருப்பம் அதற்கு அடுத்து வரும் கோப்புக்கே பொருந்தும். உள்ளே வரும் கோப்பின் பெயரைச் சொல்லும் மைனஸ் ஐ-க்கு முன்னால் போட்டால் உள்ளே வரும் கோப்புக்கு, பின்னால் போட்டால் வெளியே போகும் கோப்புக்கு. ஒரே சொல்லை இடம் மாற்றிப் போட்டுவிட்டு, "நான் சொன்னதைக் கேட்கவே மாட்டேன் என்கிறது" என்று புலம்பியவர்களில் நானும் ஒருவன்.

நான்காம் படி: பழைய பதில்களை மோப்பம் பிடியுங்கள்

இணையத்தில் கிடைக்கும் கட்டளைகளில் கணிசமானவை ஆண்டுக்கணக்கில் பழையவை. அவற்றை ஒட்டிவிட்டுப் பிழையோடு போய்க் கேட்டால் எரிச்சல்தான் பதிலாக வரும். வயதைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. கட்டளையில் "சேம்கியூ" இருந்தால் மூடிவிடுங்கள். அதை நீக்கிப் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. பெயரைப் பார்த்து அதே தரம் என்று எல்லோரும் நினைத்தார்கள், அதன் பொருள் அது இல்லவே இல்லை. ஏஏசி ஒலிக்காக "ஸ்ட்ரிக்ட் மைனஸ் 2" என்று இருந்தால் அது 2016-க்கு முந்தைய பழக்கம். அந்த ஆண்டு பிப்ரவரியில் வந்த 3.0 பதிப்பிலிருந்து சொந்த ஏஏசி என்கோடருக்கு அந்தச் சலுகைச் சீட்டு தேவையில்லை.

"ஏவிகான்வ்" என்ற பெயர் கண்ணில் பட்டால் அதற்குப் பின்னால் ஒரு குடும்பச் சண்டை இருக்கிறது. 2011-இல் எஃப்எஃப்எம்பெக் குழு உடைந்து லிபாவ் என்று ஒரு கிளை பிரிந்தது. லினக்ஸ் வகைகளான டெபியனும் உபுண்டுவும் சில ஆண்டுகள் லிபாவையே கொடுத்துவந்தன. அந்தக் காலத்தில் உபுண்டுவில் எஃப்எஃப்எம்பெக் என்று தட்டினால், இது இனி வளர்க்கப்படாது, ஏவிகான்வைப் பயன்படுத்துங்கள் என்று ஓர் அறிவிப்பு வரும். எஃப்எஃப்எம்பெக்கே செத்துவிட்டது என்று நம்பியவர்கள் ஏராளம். 2015-இல் டெபியன் எஃப்எஃப்எம்பெக்குக்குத் திரும்பியது. அந்த நாலு வருடக் குழப்பத்தின் மிச்சம் இன்றும் தேடலில் மிதக்கிறது.

ஏஐ சாட்பாட் தரும் கட்டளைகளிலும் இதே கலப்படம்தான். இல்லாத விருப்பத்தை அது அடித்துச் சொல்லும். சோதிக்க எளிய வழி, உங்கள் கணினியிலேயே கேட்பது. மைனஸ் ஹெச் என்று போட்டு, அடுத்து "ஃபில்டர்", சமக்குறி, ஃபில்டரின் பெயர் என்று கொடுத்தால், உங்களிடம் உள்ள பதிப்பில் அந்த ஃபில்டருக்கு என்னென்ன விருப்பங்கள் உண்டென்று பட்டியல் வரும். என்கோடருக்கும் இப்படியே. பட்டியலில் இல்லாததை யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

ஐந்தாம் படி: லாகை முழுசாக எடுங்கள்

"முழுமையான, வெட்டாத அவுட்புட்" என்று அவர்கள் ஏன் அரற்றுகிறார்கள்? முதல் வரியில் பதிப்பு இருக்கிறது. கீழே "கான்ஃபிகரேஷன்" என்று நீளமாக ஓடுவதில் எந்தெந்த நூலகங்களோடு கட்டப்பட்டது என்று இருக்கிறது. எஃப்எஃப்எம்பெக் குழு தருவது மூல நிரல் மட்டுமே. நீங்கள் இறக்கிய தயார்க் கோப்பை வேறு யாரோ கட்டியிருப்பார்கள், ஒவ்வொருவர் கட்டியதிலும் சேர்மானம் வேறு. அதற்கும் கீழே "இன்புட் 0" என்ற பகுதியில் உங்கள் வீடியோவின் ஜாதகமே இருக்கிறது. திரை அழகாக இருக்கட்டும் என்று "ஹைட் பேனர்" போடுகிறவர்கள், கேள்வி கேட்கும்போது மட்டும் அதை எடுத்துவிடுங்கள்.

கோப்பில் சேமிக்க ஒற்றைக் கோணக்குறி போட்டு லாக் எழுதிப் பார்த்தால் கோப்பு காலியாக இருக்கும். எஃப்எஃப்எம்பெக் தன் பேச்சையெல்லாம் ஸ்டாண்டர்ட் எரர் என்ற, பிழைச் செய்திகளுக்கான தனி வழியாகத்தான் அனுப்பும். கோணக்குறிக்கு முன்னால் இடைவெளி விடாமல் 2 என்ற எண்ணைச் சேர்த்தால் வந்துவிடும். இதைவிடச் சுலபம், கட்டளையில் "ரிப்போர்ட்" என்ற விருப்பத்தைச் சேர்ப்பது. அதே ஃபோல்டரில் தேதியும் நேரமும் பெயரில் கொண்ட லாக் கோப்பு உருவாகும்.

அனுப்புமுன் ஒருமுறை படித்துப் பாருங்கள். யூடியூப் லைவ் அனுப்புகிறவர்கள் கவனம்: உங்கள் சேனலில் ஒளிபரப்ப உதவும் ரகசியச் சாவியான ஸ்ட்ரீம் கீ அந்த லாகில் அப்பட்டமாக இருக்கும். அதை மட்டும் நட்சத்திரக் குறிகளால் மறையுங்கள். மற்ற எதிலும் கை வைக்காதீர்கள்.

ஆறாம் படி: பிழையைச் சுண்டக் காய்ச்சுங்கள்

மூன்று மணி நேரக் கல்யாண வீடியோவை யாரும் இறக்கிப் பார்க்க மாட்டார்கள். வாடிக்கையாளர் வீட்டு வீடியோவை ஊருக்கு அனுப்புவதும் தப்பு. பிழை வரும் இடத்தைச் சுற்றி ஐந்து விநாடியை மட்டும் வெட்டி எடுங்கள். அதிலும் வருகிறதா? வந்தால் கட்டளையில் உள்ள ஃபில்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றினால் பிழை மறைகிறதோ அதுதான் குற்றவாளி.

அதற்கும் மேலே ஒன்று செய்யலாம். எஃப்எஃப்எம்பெக்குக்குள்ளேயே சோதனைப் படம் உருவாக்கும் மூலங்கள் இருக்கின்றன. "எல்ஏவிஎஃப்ஐ" என்ற உள்ளீட்டு வகை வழியாக "டெஸ்ட்சோர்ஸ்" என்று கேட்டால் வண்ணப் பட்டைகளோடு ஒரு படத்தை அதுவே வரைந்து தரும். "கலர்" என்றால் வெறும் நிறம். அதிலேயே உங்கள் பிழை வந்துவிட்டால் கோப்பே அனுப்ப வேண்டாம். ஒற்றை வரிக் கட்டளை போதும், உதவுபவர் நகலெடுத்து ஓட்டிப் பார்ப்பார்.

நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கலை வைத்து இதைக் காட்டுகிறேன். வீடியோ மேல் எழுத்துப் பதிக்கும் டிராடெக்ஸ்ட் ஃபில்டரில் "செல்வி" என்று தமிழில் பெயர் போடுகிறீர்கள். எழுத்துரு சரியாக இருக்கிறது, கட்டமும் வரவில்லை, ஆனால் ஒற்றைக்கொம்பு சகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய், அடுத்திருக்கும் லகரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இதை "தமிழ் ஃபாண்ட் வேலை செய்யவில்லை" என்று கேட்டால் என்ன ஆகும்? பதில் சொல்கிறவருக்குத் தமிழ் தெரியாது. படத்தைப் பார்ப்பார். எழுத்து தெரிகிறதே, என்ன குறை என்பார். நாலு நாள் ஓடிவிடும்.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"உபுண்டு 22.04, அதனுடன் வரும் எஃப்எஃப்எம்பெக் 4.4. டிராடெக்ஸ்டில் தமிழ் உயிர்க்குறி தவறான இடத்தில் வருகிறது. கீழே உள்ள கட்டளை 3 விநாடிக் கறுப்புத் திரையில் ஒரே ஒரு சொல்லை எழுதுகிறது. எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ். முதல் படம் எனக்குக் கிடைத்தது. இரண்டாவது படம், அதே சொல் அதே எழுத்துருவில் உலாவியில் தெரிவது. எனக்கு வேண்டியது இதுதான். சிவப்பு வட்டமிட்ட குறி தனக்கு முந்தைய எழுத்தின் இடப்பக்கம் நிற்க வேண்டும், வலப்பக்கம் நிற்கிறது. முழு லாக் கீழே."

தமிழ் எழுத்தே பார்த்திராதவருக்கும் இது புரியும். புரிந்தவுடன் விடையும் வந்துவிடும்: யூனிகோடில் கொம்பு சகரத்துக்குப் பிறகே சேமிக்கப்படுகிறது, திரையில் அதை முன்னால் நகர்த்தி வைப்பது எழுத்தை வடிவமைக்கும் எஞ்சினின் வேலை. டிராடெக்ஸ்ட் அதற்கு ஹார்ஃப்பஸ் நூலகத்தைப் பயன்படுத்தத் தொடங்கியது 2023 நவம்பரில் வந்த 6.1 பதிப்பில்தான். 4.4-இல் எவ்வளவு எழுத்துரு மாற்றினாலும் சரியாகாது. பதிப்பை ஏற்றுங்கள். முடியாதென்றால், பெயரை எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் கோப்பாக எழுதி "சப்டைட்டில்ஸ்" ஃபில்டர் வழியாகப் பதியுங்கள். அது லிப்ஆஸ் நூலகத்தைக் கொண்டு ஓடுவது, லிப்ஆஸ் ஏற்கெனவே ஹார்ஃப்பஸ்ஸோடு வருகிறது, கொம்பு தன் இடத்தில் நிற்கும்.

ஏழாம் படி: எங்கே போய்க் கேட்பது

கட்டளை தட்டுவதில் சந்தேகம் என்றால் எஃப்எஃப்எம்பெக்-யூசர் மின்னஞ்சல் குழு, இல்லையேல் லிபரா சாட்டில் உள்ள ஐஆர்சி என்ற எழுத்து அரட்டை அறை. பெயர் டெவெல் என்று முடியும் குழு நிரல் எழுதுகிறவர்களுக்கானது, அங்கே போகாதீர்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் தளம் நிரலாக்கக் கேள்விகளுக்கு மட்டும். கட்டளைக் கேள்வியை மூடிவிடுவார்கள், அதன் சகோதரத் தளமான சூப்பர் யூசரில் கேளுங்கள். பிழைப் பதிவேட்டுக்குப் போவதென்றால் புத்தம் புதிய பதிப்பிலும் அதே பிழை வருகிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகே.

மின்னஞ்சல் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பதில் எழுதும்போது முந்தைய கடிதத்துக்கு மேலே எழுதாமல், தேவையான வரியை மட்டும் வைத்துக்கொண்டு அதன் கீழே எழுத வேண்டும். ஜிமெயிலில் பழகிய கைக்கு இது வராது. முதல் தடவை கடிந்துகொள்வார்கள், பொருட்படுத்தாதீர்கள்.

எதற்காகச் செய்கிறீர்கள் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். "பிட்ரேட்டைச் சரியாக 1000-இல் நிறுத்துவது எப்படி" என்று கேட்டவருக்கு உண்மையில் வேண்டியிருந்தது வாட்ஸப்பில் போகும் அளவுக்குக் கோப்பைச் சுருக்குவது. பத்துக் கடிதம் போன பிறகே அது வெளியே வந்தது.

ஆங்கிலத்தைப் பற்றிக் கூச்சம் வேண்டாம். லாகும் கட்டளையும் சரியாக இருந்தால் உடைந்த நாலு வாக்கியம் போதும். பதில் சொல்கிறவர்களிலும் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை.

எட்டாம் படி: பதில் வராவிட்டால்

"அவசரம்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். 2024-இல் மைக்ரோசாஃப்ட் டீம்ஸைச் சேர்ந்த ஒருவர் எஃப்எஃப்எம்பெக் பிழைப் பதிவேட்டில் தங்கள் வசன எழுத்து (கேப்ஷன்) சிக்கல் மிக முக்கியம் என்று எழுதினார். எஃப்எஃப்எம்பெக் தரப்பு அதை எக்ஸ் தளத்தில் பகிரங்கமாகவே போட்டு, தன்னார்வலர்களிடம் இலவச அவசர சேவையா என்று கேட்டது. நீண்டகால ஆதரவு ஒப்பந்தம் கேட்டதற்குச் சில ஆயிரம் டாலர் ஒருமுறை தருவதாகச் சொன்னார்கள், அதை ஏற்க முடியாது என்றும் எழுதியது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்த மரியாதை என்றால் நம் அவசரம் எம்மாத்திரம்? நிஜமாகவே கெடு நெருங்கினால், எஃப்எஃப்எம்பெக் தளத்தில் கூலிக்கு உதவும் ஆலோசகர்களின் பக்கம் இருக்கிறது, அங்கே பாருங்கள்.

ஒரு வாரம் காத்திருங்கள். "ஏதாவது அப்டேட்?" என்று மட்டும் எழுதாதீர்கள். புதிய பதிப்பில் ஓட்டிப் பார்த்ததையோ, ஒரு ஃபில்டரைக் கழற்றியதில் தெரிந்ததையோ சேர்த்து எழுதினால் பழைய கேள்விக்கு மறுபடி உயிர் வரும். வேறு இடத்திலும் கேட்டிருந்தால் இரண்டு இடத்திலும் அதைச் சொல்லிவிடுங்கள். ஒரே விடையை இரண்டு பேர் தனித்தனியாக உட்கார்ந்து தேடுவது வீண்.

சிலர் வேண்டுமென்றே முகத்தில் அடித்தாற்போல் பேசுவார்கள். லாக் எல்லாம் ஒழுங்காகக் கொடுத்தும் "மேனுவலைப் படி" என்று மட்டும் வரும். அது உங்கள் தவறல்ல. அதை நியாயப்படுத்தவும் நான் தயாரில்லை. மேனுவலில் எந்தப் பகுதி என்று ஒருமுறை கேளுங்கள். சொன்னால் சரி, சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். வாக்குவாதத்தில் இறங்கினால் அடுத்து உதவ வந்தவரும் திரும்பிப் போய்விடுவார்.

சரியானதும் வேலை செய்த கட்டளையை முழுசாக அதே இடத்தில் எழுதி வையுங்கள். ஒலியும் படமும் விலகிப்போகும் ஒரு சிக்கலுக்காக இரண்டு வருடம் கழித்து நான் தேடியபோது, முதலில் வந்து நின்றது என்னுடைய பழைய கேள்விதான். அதன் கீழே நானே எழுதியிருந்தேன்: "சரியாகிவிட்டது, எல்லோருக்கும் நன்றி."